கரிக்கை

கரிக்கை என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஏழு வருடங்களுக்கு முன் ஓர் உள் அலங்காரக்காரர் வைத்தது. வைத்தவர் மறந்துவிட்டார். சுமந்தவள் மறக்கவில்லை.

அப்போது அவள் ஒரு பெரிய பட்டறையில் பித்தளைக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே அலங்காரக்காரர் வைத்ததுதான் சட்டம். பித்தளை, எஃகு, கறுப்பு இரும்பு மூன்றையும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் குடிவைப்பதில் கெட்டிக்காரர். "மூணுக்கு மேல போனா அது வீடில்ல, பாத்திரக்கடை" என்பார். ஒரு வாடிக்கையாளர் வீட்டு அலமாரிகளின் பித்தளைக் கைப்பிடிகளுக்கு மேல்பூச்சே வேண்டாம் என்று சொன்னது அவர்தான். மாட்டிய பிறகு வெறுங்கையால் ஒவ்வொன்றையும் தடவித் தடவி அழகு பார்த்ததும் அவர்தான். ஒரே வாரத்தில் அத்தனையும் விரல் விரலாகக் கறுத்துப்போயின.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். "மெருகு போட்டவ கை சரியில்ல. அவ தொட்டா பித்தளை கரியாகுது" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். முதலாளி அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அன்றைக்கே நிறுத்திவிட்டார். அலங்காரக்காரர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். "இனிமே எந்த வீட்டுக் கதவையும் தொடாத."

சிலருடைய வேர்வைக்கு மட்டும் பித்தளையைக் கறுக்க வைக்கும் குணம் உண்டு. மெருகுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவள் ஒரு பித்தளைக் குமிழைத் தேய்த்து, வீட்டில் ஒரு வாரம் வெறுங்கையால் பிடித்துப் பார்த்தாள். ஒரு பொட்டுக் கறுப்பு விழவில்லை. யார் கை என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் ஏழை சொல் அம்பலம் ஏறுமா? கரிக்கை என்ற பெயர் அவளுக்கு முன்னால் போய் நின்றது. மூன்று பட்டறைகள் வாசலோடு திருப்பி அனுப்பின. கடைசியில் சின்னதாகச் சொந்தப் பட்டறை போட்டாள். மெருகு இயந்திரம் சுற்றும்போதெல்லாம் அந்த மனிதரை நினைத்துப் பல்லைக் கடித்தாள்.

ஏழாவது வருடம் அவரே வந்தார். புது வீடு கட்டியிருந்தார். பழைய பட்டறை முதலாளி அவரைத் தொழிலில் பங்குதாரராகச் சேர்ப்பதற்கு முன் அந்த வீட்டைப் பார்க்க வரப்போகிறாராம். அவள் மெருகுக்கு ஈடு வேறெங்கும் கிடைக்கவில்லையாம்.

"பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதம்மா. கையுறை போட்டுக்கிட்டு செஞ்சுடு, போதும்."

அந்த 'போதும்' அவளைச் சுட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"மேல பூச்சு அடிச்சிரட்டுமா சார்? பூச்சில்லாம இருந்தா கறுக்கும்."

"எனக்கே சொல்லித் தர்றியா? பூச்சு வேண்டாம். அதுதான் அழகு."

கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. இனி அவள் மேல் குற்றமில்லை.

"ஹாலுக்குப் பித்தளை சரி. சமையலறைக்கு?"

"அங்க எஃகு போதும்."

"ஒரு உலோகம் ஒரு ரூம்ல மட்டும் இருந்தா வழி தவறி வந்த மாதிரி இருக்கும், இன்னொரு ரூம்லயும் வரணும்னு நீங்கதானே சொல்வீங்க சார்?"

தன் வாக்கைத் தானே மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. சமையலறைக்கும் பித்தளை என்று முடிவானது.

கூடத்துக் கைப்பிடிகளை அவள் கையுறையோடு மாட்டினாள். சமையலறைக்குப் போனதும் கையுறையைக் கழற்றினாள். அவர் மனைவி பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு கைப்பிடியையும் வெறுங்கையால் அழுத்திப் பிடித்து, நிதானமாகத் திருகினாள்.

பத்து நாள் கழித்து முதலாளி வந்தபோது, மெருகு போட்டவள் என்று அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். கூடத்தில் எஃகு விளக்கு மின்னியது, இரும்புச் சட்டம் கம்பீரமாக இருந்தது. அலமாரிகளின் பித்தளை மட்டும் அடுப்பில் கிடந்தது போலிருந்தது. ஒவ்வொரு கைப்பிடியிலும் நான்கு விரல், ஒரு கட்டைவிரல்.

அலங்காரக்காரர் முகம் வெளுத்தது. வாய் மட்டும் பழைய பாட்டையே பாடியது. "நான் அப்பவே சொன்னேனே சார், இவ கைராசி அப்படி."

"சமையலறையையும் ஒரு தடவை பாத்துருங்க சார்" என்றாள் அவள்.

அங்கே பித்தளை நேற்று மெருகு போட்டது போல மஞ்சளாகச் சிரித்தது. முதலாளி புருவத்தைச் சுருக்கினார். "இதுவும் நீ மாட்டினதுதானா?"

"வெறுங்கையாலதான் மாட்டினாங்க. நான் பக்கத்துலயே நின்னேன்" என்றார் மனைவி, நடப்பது எதுவும் தெரியாமல். "நானும் தினமும் நூறு தடவை திறக்கறேன். ஹாலுக்கு வர்றவங்களுக்கெல்லாம் இவர்தான் திறந்து திறந்து காட்டுவாரு. இந்தப் பக்கம் மட்டும் எட்டிக்கூடப் பாக்க மாட்டாரு. தண்ணி வேணும்னாலும் உக்காந்த இடத்துக்குத்தான் வரணும்."

முதலாளி திரும்பிப் பார்த்தார். அலங்காரக்காரர் இரண்டு கைகளையும் மெல்லப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஏம்மா, அன்னைக்கு உன்னை நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றார் முதலாளி. "பட்டறைக்குத் திரும்பி வந்துடறியா?"

"எனக்குப் பட்டறை இருக்கு சார்."

பங்குதாரர் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவள் பையிலிருந்து ஒரு ஜோடிக் கையுறையை எடுத்து அலங்காரக்காரர் முன்னால் வைத்தாள்.

"ஹால் கைப்பிடிய கழட்டிட்டுப் போய் மறுபடி மெருகு போட்டுத் தரேன். இனிமே உங்க வீட்டுக் கதவ நீங்க தொடறதா இருந்தா, இதைப் போட்டுக்கிட்டுத் தொடுங்க சார்."

அவர் இப்படித் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்தால் கொஞ்சமாவது இரக்கம் வரும் என்று ஏழு வருடமாகப் பயந்திருந்தாள். வரவில்லை.