மேட்டில் நட்ட இட்லிப்பூ

நட்டதிலிருந்து அந்த இட்லிப்பூச் செடி ராஜசேகரை ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. எந்த வெயிலிலும் பச்சை குறையாமல், கொத்துக் கொத்தாகச் சிவப்பாய்ப் பூத்துக்கொண்டே இருந்தது. இந்த ஆனியில்தான் அதற்குக் கேடு பிடித்தது. முதலில் இலை நுனி கருகியது, பிறகு ஓரம், பிறகு இலையே பழுத்து உதிர ஆரம்பித்தது. ராஜசேகருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு செடிக்காகவா ஒரு மனுஷன் இப்படி இடிந்துபோவான் என்று கேட்பவர்கள் அது நிற்கும் இடத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டிய மயானத்தில் அது நின்றது. அதன் அடியில் அவன் மகள் ஜீவிதா கிடந்தாள். ஏழு வயதில் காய்ச்சல் கொண்டுபோனது. சிறுபிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம், கல்லும் வைப்பதில்லை. கடலோர மணலுக்கோ ஈவிரக்கம் கிடையாது. ஒரு காற்றுக்காலம் போதும், மேடு பள்ளமெல்லாம் ஒன்றாகிவிடும். அங்கே புதைத்த எத்தனையோ பிள்ளைகளின் இடம் பெற்றவர்களுக்கே தெரியாமல் போயிருந்தது. அதனால்தான் அவன் செடி வைத்தான். செடி பட்டுப்போனால் மகள் கிடக்கும் இடமும் போய்விடும்.

படகிலிருந்து இறங்கியதும் தெருக்குழாயில் குடம் பிடித்து பைக்கில் வைத்துக்கொண்டு போய், சாயங்காலத்தில் ஊற்றிவிட்டு வருவான். மனைவி குந்தவையிடம் சொல்வதில்லை. பெண்கள் மயானத்துக்குப் போகக் கூடாது என்பது ஊர்க் கட்டு. போக முடியாதவளிடம் அந்த இடத்தைப் பேசி என்ன ஆகப்போகிறது? அந்த வீட்டில் பேச்சே குறைந்துதான் போயிருந்தது.

கருகிய இலைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, செடி வாங்கிய நர்சரிக்குப் போனான். முதலாளி முபாரக் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உப்பு ஏறிருக்கு தம்பி. என்ன தண்ணி ஊத்துறீங்க?"

"குழாத் தண்ணிதாங்க பாய்."

"அப்ப வேற எங்கேர்ந்தோ ஏறுது. சுத்தி நல்லா ஆழமா தோண்டி, அந்த மண்ண எடுத்துப் போட்டுட்டு செம்மண்ணும் எருவும் போடுங்க. பொழச்சுக்கும்."

ராஜசேகர் அவர் கையிலிருந்த இலையைத் திரும்ப வாங்கிக்கொண்டான். "தோண்ட முடியாதுங்க."

"ஏன், சிமெண்ட் தரையா?"

"இல்லங்க. தோண்ட முடியாது. வேற வழி சொல்லுங்க."

முபாரக் அவன் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப நல்ல தண்ணிய குடம் குடமா ஊத்துங்க. உப்பு கரைஞ்சு வேருக்குக் கீழ இறங்கிடும். ஆனா அது எங்கேர்ந்து வருதுன்னு முதல்ல பாருங்க. அது நிக்காம எது செஞ்சும் பிரயோஜனமில்ல."

மறுநாள் கடலுக்குப் போகாமல், விடியும்போதே குடங்களோடு மயானத்துக்குப் போனான். சாயங்கால மங்கலில் இதுவரை கண்ணில் படாத மீன் செதில்கள் செடியின் தூரில் ஒட்டிக் கிடந்தன. அவனுக்கு ரத்தம் கொதித்தது. எவனோ என் பிள்ளை தலையில் மீன் கழிவைக் கொட்டுகிறான், வரட்டும், கையை முறித்துவிடுகிறேன் என்று சவுக்குத் தோப்புக்குள் பதுங்கி உட்கார்ந்தான்.

வந்தவள் குந்தவை. விற்பதற்கு மீன் எடுக்க ஏலத்துக்குப் போகிற வழியில், மீன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, திருடியைப் போல நாலு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தாள். செடியருகே குந்தி, முந்தின நாள் ஐஸ் கரைந்த தண்ணீரைத் தூரில் சாய்த்தாள்.

"குடிச்சுக்க கண்ணு. இவ்ளோ எலை கொட்டிப் போச்சே. இனிமே சாயந்தரமும் கொண்டாறேன்."

மீன் கழுவின தண்ணீர் ஊற்றினால் செடி தளதளவென்று வரும் என்பது குப்பத்தில் ஊரறிந்த வைத்தியம். அதில் தப்பில்லை. ஆனால் மீன் கெடாமல் இருக்கட்டும் என்று பெட்டியில் ஐஸோடு கல் உப்பை அள்ளித் தூவுவது குந்தவையின் கைப்பழக்கம். மீன் விற்கிற வீட்டில் உப்பை யார் ஒரு பொருட்டாக நினைக்கிறார்கள்?

"ஊத்தாத!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தான்.

அவள் நடுங்கிப்போனாள். "ஊர்ல சொல்லிடாதீங்க. நீங்க செடி கொண்டுபோனத அன்னிக்கே பாத்தேன், பூத்திருக்குறது ரோட்டுலேர்ந்தே தெரிஞ்சுது. வெயில்ல வாடுமேன்னுதான் சித்திரையிலேர்ந்து…"

அவன் பெட்டிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தான். அதைப் பார்த்து அவளும் வைத்தாள். அவள் முகம் செத்துவிட்டது.

"நானா?"

"கடக்காத்து அடிக்குதுல்ல, அதான்."

"பொய் சொல்லாதீங்க. காய்ச்சல்ல கெடந்தவளுக்கு மாத்திரையக் குடுத்துப் படுக்க வெச்சுட்டு ஏலத்துக்குப் போனவ நான். இப்ப இதையும் நானே…" மணலில் தலையை மோதிக்கொண்டாள்.

அவன் அவளைத் தூக்கி உட்காரவைத்து, குடத்தைக் கையில் கொடுத்தான். "நல்ல தண்ணி ஊத்துனா உப்பு கீழ எறங்கிடும்னு பாய் சொல்லிருக்காரு. ஊத்து."

அவள் குடத்தைச் சாய்த்தாள். சாய்த்த கை பாதியில் நின்றது.

"கீழன்னா?"

"வேருக்குக் கீழ."

"வேருக்குக் கீழ புள்ளதானேங்க கெடக்கு."

செத்த பிள்ளைக்கு உப்பு தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். இருந்தும் கை வரவில்லை. ஊற்றாவிட்டால் செடி போகும், இடம் போகும். ஊற்றினால் இத்தனை நாள் உப்பும் மகள் மேல் இறங்கும். குடத்தை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் வெறித்து உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறியது. செடியிலிருந்து இன்னொரு இலை விழுந்தது.

"மீங்காரி மவதானே அவ," என்றான் கடைசியில். "உப்பு அவள என்ன பண்ணிடப் போவுது? நான் கடல்லேர்ந்து வந்தா, உப்பு பூத்த முதுகக் கழுவ விடாம கட்டிக்கிட்டுல்ல கெடப்பா." அதற்கு மேல் அவனால் முடியவில்லை. முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதான்.

குந்தவை குடத்தை எடுத்தாள். இடது உள்ளங்கையைத் தூரில் வைத்து, அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை விட்டாள்.

"கண்ண இறுக்கி மூடிக்க கண்ணு," என்றாள் மண்ணைப் பார்த்து. "கொஞ்சம் எரியும்."