நடுவில் இருக்கும் ஊர்

“ஹௌடா நல்ல ஊரு. அங்க பாக்கலாமே,” என்றான் கெனான், ஆலிவ் கொட்டையைத் தட்டின் ஓரத்தில் வைத்தபடி.

நெர்மின் தேநீர் ஊற்றினாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் துருக்கியில், இஸ்மிரில் செய்வதுபோலவே எல்லாவற்றையும் மேசையில் பரப்பிக்கொண்டு நிதானமாகச் சாப்பிடுவார்கள். வெள்ளைப் பாலாடைக்கட்டி, வெள்ளரி, தக்காளி, எள் தூவிய வளைய ரொட்டி. இன்று அவற்றுக்கு நடுவே ரயில் வரைபடமும் கிடந்தது. டச்சு நாட்டுக்கு வந்ததும் ஆம்ஸ்டல்வேன் ஊரில் அவனுடைய நிறுவனம் தற்காலிகமாகக் கொடுத்திருந்த வீட்டைக் கோடை முடிவதற்குள் காலி செய்தாக வேண்டும். வந்ததிலிருந்து எல்லா வார இறுதியும் வீடு பார்ப்பதிலேயே போயிற்று. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் வரிசை. ஸ்பெயின்காரர்கள், இந்தியர்கள், பிரேசில்காரர்கள் எல்லாரும் தரகருக்காக ஒரே மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார்கள். தி ஹேக்கில் இவர்களுக்குப் பிடித்துப்போன வீடுகளெல்லாம் அந்த வரிசையில் நின்ற வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்தன.

அவளுக்கு வேலை ரோட்டர்டாமில், துறைமுக மதகுகளை வடிவமைக்கும் அலுவலகத்தில். அவனுக்கு லெய்டனில் ஓர் ஆய்வுக்கூடத்தில். இரண்டு ஊர்களுக்கும் நடுவில் ஓடும் ரயில் பாதையில் தி ஹேக் இருந்தது, அதைத் தாண்டினால் டெல்ஃப்ட் இருந்தது. கெனானின் விரல் மட்டும் அந்தப் பாதையில் நிற்காமல் எங்கெங்கோ ஓடிற்று. போன வாரம் ஹார்லெம் என்றான். அதற்கு முன் உட்ரெக்ட். இப்போது ஹௌடா.

“டெல்ஃப்ட் நடுவுலதானே இருக்கு,” என்றாள் நெர்மின்.

“இருக்கு.”

“உனக்கும் பக்கம், எனக்கும் பக்கம். நீ படிச்ச ஊரு வேற. சந்துபொந்தெல்லாம் தெரியும்.”

“வேண்டாம், நெர்மின். அங்க பூரா பசங்க கூட்டம். விடிய விடியக் கத்துவானுங்க.”

“நீயும் கத்தினியா?”

அவன் சிரித்தான். சிரித்துவிட்டு எழுந்துபோய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கரண்டியை எடுத்து மறுபடியும் கழுவினான்.

டெல்ஃப்டில் அனூக் இருந்தாள். கல்யாணத்துக்கு முன்பே கெனான் அதைச் சொல்லியிருந்தான். படிக்கிற காலத்தில் ஒரு டச்சுப் பெண்ணோடு இருந்தேன், நீச்சல் சொல்லிக்கொடுப்பவள், ஒத்துவரவில்லை, விலகிவிட்டேன். இஸ்மிரின் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டே சொன்னான். அதை நெர்மின் அப்போது நல்ல குணமாகத்தான் எடுத்துக்கொண்டாள். மறைக்காதவன் என்று அக்காவிடம் பெருமையாகக்கூடச் சொன்னாள். இஸ்மிரிலிருந்து பார்த்தால் டெல்ஃப்ட் ஏதோ கண்காணாத இடம். விலகிவிட்டேன் என்றால் உண்மையிலேயே விலகியதுதான். இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான் அந்த வார்த்தை பொருளில்லாமல் போயிற்று. இங்கே ஓர் ஊர் முடிவதற்குள் அடுத்த ஊர் ஆரம்பித்துவிடுகிறது. நடுவில் நாலு பசுமாடும் ஒரு வாய்க்காலும் வந்தால் உண்டு. ஹார்லெமில் குடியேறினாலும் ஹௌடாவில் குடியேறினாலும், ஏதாவது ஒரு ரயிலில் ஏறினால் போதும், அனூக் வீட்டு வாசலில் இறங்கிவிடலாம்.

ரோட்டர்டாமுக்கு விரைவு ரயில் இருந்தது. நெர்மின் கொஞ்ச நாளாக அதை விட்டுவிட்டு, ஊர் ஊராக நின்று போகும் ரயிலில் ஏறினாள். டெல்ஃப்ட் வரும்போது ரயில் பூமிக்குள் இறங்கிவிடும். கோபுரம் தெரியாது, தெரு தெரியாது. நிலையத்தின் வெளிச்சமும் ஏறி இறங்கும் மனிதர்களும் மட்டும்தான். அனூக்கின் படத்தைக் கைபேசியில் தேடிப் பார்த்திருந்தாள். ஏறுகிற பெண்களில் முப்பதைத் தாண்டிய, உயரமான, தோள் அகன்ற ஒவ்வொருத்தியையும் அவள் உற்றுப் பார்த்தாள். ஒருத்தி ஈரத் தலையோடு எதிரே வந்து உட்கார்ந்தபோது, நெர்மின் தான் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டாள்.

“அடியே, ஊர் மேல பொறாமைப்படற முதல் ஆளு நீதான்,” என்றாள் அய்தென் அக்கா, இஸ்மிரிலிருந்து கைபேசித் திரையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே. “நம்ம ஊர்ல பக்கத்து வீட்டுக்காரிமேல பொறாமைப்படுவாங்க. நீ பெரிய படிப்பு படிச்சவ, ஒரு முனிசிபாலிட்டி மேல பொறாமைப்படற.”

“அவன் ஏன் அந்த ஊரை வேண்டாங்கறான்? அதைச் சொல்லு.”

“பழைய சிநேகிதி இருக்கற தெருவுல பொண்டாட்டியக் கொண்டுபோய்க் குடிவைக்கறவன்தான்டி மோசமானவன். இவன் நல்லவன்.”

“மறந்துட்டவனுக்கு எந்தத் தெருவா இருந்தா என்னக்கா?”

அக்கா கத்தியை நிறுத்தி, திரைக்குள்ளிருந்து அவளைப் பார்த்தாள். “போய்ப் பாத்துடாதே,” என்றாள்.

அடுத்த சனிக்கிழமை கெனான் ஆய்வுக்கூடத்துக்குப் போன பிறகு நெர்மின் டெல்ஃப்டில் இறங்கினாள். ஒரு வீட்டைப் பார்க்க ஏற்பாடு செய்திருந்தாள். அவனிடம் சொல்லவில்லை. குறுகலான வீடு. படி ஏணிபோலச் செங்குத்தாக ஏறிற்று. ஆனால் சமையலறையைத் திறந்தால் நேராக வாய்க்கால், தண்ணீர்மேல் வெயில். வீடு வேண்டும் என்று அவளும் எழுதிக் கொடுத்தாள். தரகர், “எழுதிக் கொடுத்தவங்க நிறையப் பேரு. பாக்கலாம்,” என்றார். அங்கிருந்து அவள் நேராக நிலையத்துக்குத் திரும்பியிருக்கலாம். பெயரும் ஊரும் தெரிந்தால் கைபேசி மிச்சத்தைச் சொல்லிவிடுகிறது. அனூக் வேலை பார்க்கும் நீச்சல்குளம் நடக்கிற தூரத்தில்தான் இருந்தது.

பெற்றோர்கள் காப்பி குடித்தபடி கண்ணாடி வழியே பார்க்க ஒரு கூடம் இருந்தது. நெர்மினும் காப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கீழே பிள்ளைகள் சட்டை, கால்சட்டை, மழைக்கோட்டு, காலணி எல்லாம் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். வாய்க்காலில் தவறி விழும்போது உடுப்போடுதானே விழுவார்கள், அதனால் அப்படியே நீந்தப் பழக்குகிறார்கள். ஒரு சின்னப் பெண் குதிக்க மாட்டேன் என்று விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். கரையில் நின்ற பயிற்சியாளர் அவளிடம் குனிந்து ஏதோ சொன்னாள். உயரமானவள், தோள் அகன்றவள். படத்தில் பார்த்ததைவிட வயது கூடியிருந்தது. கழுத்தில் சுருக்கம் விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும் நெர்மினுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சின்னப் பெண் குதித்தாள். கூடமே கைதட்டியது. தன் கைகளும் தட்டுவதை நெர்மின் கொஞ்சம் தாமதமாகக் கவனித்தாள்.

வகுப்பு முடிந்து அனூக் காப்பிக்காக மேலே வந்தாள். புதுமுகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில், “உங்க குழந்தை எது?” என்று சிரித்தாள்.

“எனக்குக் குழந்தை இல்ல. நான் கெனானோட மனைவி.”

இதைச் சொல்வதற்காகத்தான் வந்தோம் என்பது சொன்ன பிறகுதான் நெர்மினுக்குத் தெரிந்தது. அவள் எதிர்பார்த்த திடுக்கிடல் அங்கே இல்லை. அனூக்கின் முகம் மலர்ந்துபோயிற்று. கெனானா, நிஜமாவா, திரும்பி வந்துட்டாரா என்று கேட்டபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“எனக்கு ஒரே ஒரு துருக்கி வார்த்தைதான் ஞாபகம் இருக்கு. ‘ஜானம்.’ சரியாச் சொல்றேனா?”

சரியாகத்தான் சொன்னாள். என் உயிரே என்று பொருள். கெனான் நெர்மினை நெர்மின் என்றுதான் கூப்பிடுவான்.

“நல்லா இருக்காரா? நான் அடிக்கடி நினைச்சுப்பேன். போதும்னு நான் சொன்னப்போ ரொம்ப உடைஞ்சுபோயிட்டாரு. உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்குமே.” அவள் கீழே, வாசல் பக்கம் கைகாட்டினாள். “அதோ, சைக்கிள் விடற இடம். குளிர்காலம் பூரா, நான் வேலை முடிஞ்சு வர்ற நேரத்துக்கு அங்க நிப்பாரு. பேசமாட்டாரு, ஒண்ணும் கேக்கமாட்டாரு. மழையிலயும் நிப்பாரு. எனக்கு முதல்ல பயமா இருந்தது, அப்புறம் பாவமா இருந்தது. கடைசில எங்கப்பா வந்து பேசித்தான் ஊருக்கு அனுப்பி வச்சாரு.”

“நல்லா இருக்காரு,” என்றாள் நெர்மின்.

“இங்க வீடு பாருங்களேன். நல்ல ஊரு. குழந்தை வந்தா நான் நீச்சல் சொல்லித்தரேன்.”

அதில் குத்தல் எதுவும் இல்லை. அதைத்தான் நெர்மினால் தாங்க முடியவில்லை. குத்தியிருந்தால் திருப்பிக் குத்தியிருக்கலாம். காப்பியைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்தவள், சைக்கிள் விடும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் நீச்சல்குளத்தின் கதவு மட்டும்தான் தெரிந்தது.

மாலையில் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது கெனான் கத்திரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தான். அவள் கோட்டைக் கழற்றவில்லை.

“விலகினது நீ இல்ல. அவதான்.”

அவன் அடுப்பை அணைத்தான். யார் என்று கேட்கவில்லை.

“ஏன் மாத்திச் சொன்னே?”

“எப்படிச் சொல்றது, நெர்மின்? ஒருத்தி வேண்டாம்னு சொன்ன பிறகும் அவ வாசல்ல நாய் மாதிரி நின்னேன்னா? அந்த ஊர்ல காப்பிக் கடைக்காரன்லேர்ந்து எல்லாருக்கும் என்னைத் தெரியும். பாவப்பட்டுப் பாப்பாங்க. அந்தத் தெருவுல உன்னையும் கூட்டிக்கிட்டு நான் எப்படி நடப்பேன்?”

அவன் அவமானத்தைச் சொல்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. இரக்கப்பட வேண்டிய இடம் என்பதும் தெரிந்தது. இரக்கம் வரவில்லை. இவனைப் பெண் பார்க்க அழைத்து வந்தவர்கள் போனபிறகு, இரண்டு வாரம் கழித்து, சம்மதமா என்று இவன் கைபேசியில் கேட்டது ஞாபகம் வந்தது. யோசிக்க நேரம் வேண்டும் என்று அவள் சொன்னாள். எடுத்துக்கோ, அவசரமில்லை என்றான். அந்தப் பக்குவத்துக்காகவே அவள் சரி என்றாள்.

“எனக்காக எந்த மழையிலயாவது நின்னிருக்கியா, கெனான்?”

“நீ என்னை நிக்கவைக்கலியே.”

அதை அவன் பாராட்டாகத்தான் சொன்னான். அது அவளுக்கு அடி விழுந்ததுபோல் இருந்தது. அனூக்கிடம் அவன் விட்டுவந்தது எது என்று இத்தனை நாள் தேடியவளுக்கு இப்போது அது கண்முன்னே தெரிந்தது. பேச்சற்று, நனைந்து, வெட்கம் கெட்டு நின்ற ஒருவன். அவனை அவள் பார்த்ததே இல்லை. தனக்கு வந்து சேர்ந்தவன், அழுது முடித்து, முகம் கழுவி, தலைவாரிக்கொண்டு வந்தவன். அன்றிரவு கத்திரிக்காயை இருவரும் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம், இருவரும் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது தரகர் கூப்பிட்டார். டெல்ஃப்ட் வீட்டுக்கு முதலில் தேர்வானவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். வேண்டுமென்றால் இப்போதே சொல்ல வேண்டும், அடுத்த ஆள் காத்திருக்கிறார். நெர்மின் கைபேசியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு கெனானிடம் விஷயத்தைச் சொன்னாள்.

அவன் முகம் வெளுத்தது. “நான் அங்க சந்தோஷமா இருக்கமாட்டேன்னு உனக்குத் தெரியும்,” என்றான். பிறகு கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே, “நீயே முடிவு பண்ணு,” என்றான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஹௌடாவுக்கே போயிருக்கலாம். ஆனால் ஹௌடாவில் இருந்தால் டெல்ஃப்ட் என்றைக்கும் அவனுடைய ஊராகவே இருக்கும். அந்த மழையும் அந்தக் குளிர்காலமும் யார் கையும் படாமல் அங்கேயே கிடக்கும். அங்கே குடியிருந்தால், ரொட்டி வாங்கி, குப்பை கொட்டி, சண்டை போட்டு, ஒவ்வொரு தெருவாகத் தேய்த்துவிடலாம். இதை அவள் இவ்வளவு தெளிவாக நினைத்தாளா என்று சொல்ல முடியாது. அவனைத் தண்டிக்கவும் நினைத்திருக்கலாம்.

“எடுத்துக்கறோம்,” என்றாள், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

அய்தென் அக்காவிடம் சொன்னபோது அவள் அடுப்பிலிருந்த பாத்திரத்தை இறக்கி வைத்தாள். பிறகு, “திரைச்சீலை கனமாப் பாத்து வாங்கு,” என்றாள்.

குடிபோகும் நாளில் வாடகை வண்டியைக் கெனான் ஓட்டினான். பின்னால் மெத்தையும் பெட்டிகளும், நெர்மின் மடியில் தேநீர்க் கெண்டி. வழியெல்லாம் சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் திரும்பியதும் அவன் பேச்சை நிறுத்தினான். கைபேசி நேராகப் போகச் சொல்லிற்று. அவன் கை தானாக இடதுபுறம் திருப்பியது. குறுகலான தெரு. பிறகு வலதுபுறம் ஒரு சந்து, அதன் முனையில் ஒரு பள்ளம். அது வருவதற்கு முன்பே அவன் வேகத்தைக் குறைத்தான்.

“வழி பாத்து ஓட்டு,” என்றாள் நெர்மின்.

“இது சுருக்கு வழி.”

“எனக்குச் சுருக்கு வழி வேண்டாம். அது சொல்ற வழியில போ.”

கெனான் அவளைத் திரும்பிப் பார்த்தான். சந்திலிருந்து வண்டியைப் பின்னால் எடுத்தான். கைபேசி காட்டிய பெரிய சாலையில் சுற்றிக்கொண்டு போனார்கள். கால்வாய்க்கு வந்தபோது மணி அடித்து, சிவப்பு விளக்கு எரிந்து, தடுப்புக் கட்டை இறங்கியது. அவர்களுக்கு முன்னால் பாலம் இரண்டாகப் பிளந்து மேலே எழும்பிற்று. வெள்ளைக்கோடு போட்ட தார்ச்சாலை சுவர்போல வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. அவன் என்ஜினை அணைத்தான்.

மணல் ஏற்றிய நீளமான படகு ஒன்று வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. வண்டியின் இருபுறமும் சைக்கிள்கள் சேர ஆரம்பித்தன. பின்னால் பிள்ளையை வைத்தவர்கள், பூக்கொத்தைக் கைப்பிடியில் கட்டியவர்கள், ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு படகைப் பார்த்தார்கள். நெர்மின் கண்ணாடியை இறக்கினாள். முன்னால் நின்ற பெண்களின் பின்கழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒருத்தியின் முடி இன்னும் ஈரமாக இருந்தது. திரும்பி கெனானைப் பார்த்தாள். அவன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, எங்கும் பார்க்காமல், செங்குத்தாக நின்ற சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

படகு போய்விட்டது. சாலை மெல்லக் கீழே சாயத் தொடங்கியது. எல்லாரும் மிதியில் கால் வைத்துக்கொண்டார்கள்.