சுண்டிய நீர்

ஆடி பிறந்தும் வானம் இரங்கவில்லை. மேற்கே காவிரிக் காடுகளைத் தழுவி எழும் காற்று, பென்னாகரத்து மேட்டு நிலங்களின் செம்மண்ணை வாரித் தூற்றியபடி பகலெல்லாம் அலைந்தது. கார்முகில்கள் திரண்டு வந்தன. மலைமுகட்டில் சற்றே தயங்கின. பின்னர் வேறெவருக்கோ வாக்களித்துவிட்டவைபோலக் கிழக்கே விரைந்தன. உழுது போட்ட கேழ்வரகுக் கொல்லைகள் வாய் பிளந்து கிடந்தன. அந்நிலத்தில் ஈரம் எஞ்சியிருந்தது கிணற்றில் மட்டுமே. அதுவும் இறங்கி இறங்கிப் பாறையின் மடியில் கறுத்து ஒடுங்கியிருந்தது.

அந்த நீரைத்தான் சுகுணா தன் மகள் கவிநயாவுக்குக் காய்ச்சினாள். ஒரு வயதில் பேதி கண்டு குழந்தை துவண்டபோது, தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்குமாறு ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள். ஒரு கொதி போதும் என்றுதான் சொல்லியிருப்பாள். தாயின் மனம் அவ்வளவில் அடங்கவில்லை. கஷாயத்தைப்போல, ஒரு குடம் அரைக்குடமாய்ச் சுண்டும்வரை விறகு தள்ளினாள். வீட்டில் மற்றவர்களுக்குப் பச்சைத் தண்ணீர். கவிக்கு மட்டும் தனிப் பானை. நோன்பு காப்பவளைப்போல ஆண்டுக்கணக்கில் அதை ஒரு நாளும் அவள் தவறவிட்டதில்லை. ஆயினும் ஏழு வயதில் குழந்தையின் முழங்கால்கள் வில்லாய் வெளியே வளைந்தன. பற்களில் பழுப்புக் கோடுகள் ஏறின. தர்மபுரி டாக்டர் கால்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி கிணற்றைப் பற்றியதாக இருந்தது.

அதையொட்டித் தண்ணீர்ப் பரிசோதனைக்கு வந்த அந்தோணி பிரகாஷ், கிணற்று நீரைச் சிறு கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சிவப்பு மருந்தைச் சொட்டினான்.

“காய்ச்சுனதயும் பாத்துருங்க தம்பி,” என்று கவியின் பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு நீட்டினாள் சுகுணா. குரலில் மெல்லிய பெருமிதம்.

“அதுல கிருமி எட்டிக்கூடப் பாக்காதுங்க,” என்றான் அவள் கணவன் தர்மன். “எங்கூட்டுக்காரி தண்ணியவே கொழம்பு மாதிரி சுண்ட வெக்கறவ. எரிச்சு எரிச்சு, காட்டுல வேலியே காணோம்.”

“நீங்க சும்மா இருங்க. நாளைக்கு ஊரே எங்கிட்ட வந்து கத்துக்கும்.”

கிணற்று நீர் சிவப்பு வெளுத்து மஞ்சள் சாயை காட்டியது. பானை நீரோ கண்முன்னே அரைத்த மஞ்சளாய் ஒளிர்ந்தது. சுகுணாவின் முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா! மஞ்சளா, மங்களமா வந்துருச்சு.”

அந்தோணி வண்ண அட்டையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான்.

“மஞ்சளானா நல்லதில்லீங்கக்கா. எவ்ளோ மஞ்சளோ அவ்ளோ ஃபுளோரைடு. பாறையில இருந்து ஊறி வர்றது. காய்ச்சுனா தண்ணிதான் ஆவியாப் போவும், அது அடியிலயே தங்கிரும். பாதியாச் சுண்டுனா ரெட்டிப்பு ஆயிரும்.”

தர்மனின் சிரிப்பு உதட்டிலேயே உறைந்தது.

“அப்ப... பாப்பா காலு?”

“அத டாக்டருதான் சொல்லணும். எலும்புல ஏறுனது எறங்கறது கஷ்டம்னுவாங்க. இனிமே இத குடுக்காதீங்க. ஆத்துத் தண்ணிக் கொழா இல்லீங்களா?”

“ஊருக்குள்ள வாரத்துல ஒருக்கா வரும்,” என்றான் தர்மன். “ஊர தாண்டி இருக்கற காட்டுக்கொட்டாய்க்கு யாருங்க கொழா போடறாங்க?”

அந்தோணி போனபின் தர்மன் வண்டியில் குடங்களைக் கட்டிக்கொண்டு ஊரை நோக்கிப் புறப்பட்டான். குழாயில் நீர் வரும் நாள் அன்றல்ல. யார் வீட்டிலாவது அரைக்குடம் கேட்டுப் பார்க்கலாம், நாளையும் கேட்கலாம், அதற்கடுத்த நாள்? சுகுணா அணைந்த அடுப்பருகே அமர்ந்திருந்தாள். வேண்டாத பிள்ளைக்குக்கூட எவரும் இவ்வளவு சிரத்தையோடு நஞ்சு ஊட்டியிருக்க மாட்டார்கள். அவள் சற்றே சோம்பியிருந்தால், அன்பு சற்றே குறைந்திருந்தால், அந்தக் கால்கள் இவ்வளவு வளைந்திருக்குமா?

பள்ளிவிட்டுக் கவி ஆடி ஆடி நடந்து வந்தாள்.

“எம்மா, தாகமாக்குது.”

பானையின் மூடியைத் திறந்த சுகுணா அப்படியே மூடினாள். கிணற்றின் பச்சைத் தண்ணீரில் அரை டம்ளர் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுதான் இப்போது குறைந்த தீங்கு.

“இது வேற மாதிரி இருக்குது. நல்லாருக்குது. இன்னும் குடு.”

பொழுது சாய்ந்தது. கொல்லை ஓரத்தில் முனியப்பனாய் நட்டிருந்த கல்லுக்குச் சுகுணா ஒரு வாளி நீர் இறைத்துச் சென்றாள். தலையிலிருந்து மெல்ல மெல்ல ஊற்றி நீராட்டினாள். அந்நீரால் எத்தீங்கும் காணாதவன் அக்கொல்லையில் அவன் ஒருவனே. கற்பூரம் ஏற்றினாள். பின்தொடர்ந்து வந்த கவி மண்டியிட்டுக் கும்பிட முயன்றாள், முழங்கால் மடங்கவில்லை. பக்கவாட்டில் சரிந்து உட்கார்ந்து கைகூப்பினாள்.

சுகுணா திருநீற்றை எடுத்துக் குழந்தையின் நெற்றியில் இட்டாள். மீதியை இரு முழங்கால்களிலும் பூசினாள்.

“நல்லாயிரு சாமி. காலூனி நடந்து, நூறு வயசு நல்லாயிரு.”