இடது காலுக்கு வேலையில்லை

என் மனுசன் அருட்செல்வன் லொறிச் சாரதி. போன வருடம் லொறியில் மூட்டை ஏற்றும்போது வழுக்கி விழுந்து இடது கணுக்காலை முறித்துக்கொண்டார். எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் பழைய லொறியின் கிளச்சை மிதித்தால் உயிர் போகும். மாதக்கணக்காக வீட்டில் குந்தியிருந்து என் கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

கொடிகாமத்து வெங்காய வியாபாரி தியாகலிங்கம் புது லொறி ஒன்று எடுத்தார். ஓட்டோ கியர், கிளச்சே கிடையாது.

"இந்த லொறியை ஓடிக் காட்டு அருள், வேலை உனக்குத்தான்" என்றார்.

"கிளச் இல்லாததெல்லாம் ஒரு லொறியே?" என்று இவர் மூக்கைச் சுளித்தார். எனக்கு வந்த கோபம்! ஆனால் புது லொறிக்குப் பூசை போட்ட அன்று விடிய எழும்பி முதல் ஆளாகச் சவரம் எடுத்தவரும் இவர்தான்.

இணுவில் கந்தசுவாமி கோயில் வாசலில் ஐயர் தேங்காய் உடைத்து, லொறியின் நாலு சில்லுகளுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். லொறி ஒரே மூச்சில் ஏறி நசிக்கவேண்டும். இடையில் நின்றால் சகுனப்பிழை. இவர் பிறேக்கிலிருந்து வலது காலை எடுக்க, லொறி மெல்ல அசைந்தது. உடனே இடது கால் பழைய பழக்கத்தில் கிளச்சைத் தேடிப்போய்ப் பிறேக்கை ஓங்கி மிதித்தது. லொறி குலுங்கி நின்றது. பழங்கள் உருண்டோடின. ஐயர் வேறு பழம் வைத்தார். மறுபடியும் அதே கூத்து.

"ஐயரிட்டைத் தேசிக்காய் முடியப்போகுது!" என்று யாரோ சிரித்தார்கள்.

இவர் முகம் கறுத்துக் கதவைத் திறந்தார். "எனக்குச் சரிவராது முதலாளி. வேறை ஆளைப் பாருங்கோ."

இறங்கினால் இனி எந்த லொறியிலும் ஏறமாட்டார். எனக்கு அவரைத் தெரியும். ஓடிப்போய்க் கதவைப் பிடித்தேன்.

"இறங்கினியளெண்டால் வீட்டுப் பக்கம் வரப்படாது! அந்தக் காலைத் தூக்கிச் சீற்றிலை மடிச்சு வையுங்கோ, சாப்பிடக் குந்துற மாதிரி!"

"லொறிக்குள்ளை சம்மணமோ? சனம் சிரிக்குமப்பா."

"சிரிக்கட்டும்! மடியுங்கோ!"

மடித்தார். லொறி தவழ்ந்தது. நாலு பழமும் படக் படக்கென்று நசிந்தன. சனம் கைதட்டியது. லொறியோ நிற்கவில்லை. தெருவில் ஏறி, ஹோர்ன் அடித்துக்கொண்டு காங்கேசன்துறைப் பக்கம் போயே போய்விட்டது.

"அடேய், வெங்காயம் கொடிகாமத்திலையடா!" என்று தியாகலிங்கம் பின்னால் கத்தினார். ஐயர் திருநீற்றுத் தட்டோடு அப்படியே நின்றார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணால் தண்ணீரும் வந்தது.

கடல்வரை போய்த் திரும்பி வந்து, வாயெல்லாம் பல்லாக இறங்கினார்.

"இவ்வளவு தூரம் ஓடினியளே, கால் நோகேல்லையோ?" என்று கேட்டேன்.

"எந்தக் கால்?" என்றார்.