பத்தாவது கைநாட்டு

மருதையன் பேனாவைக் கேட்டு வாங்கியபோது, பெயரில் ஏதோ எழுத்துப் பிழை திருத்தத்தான் என்று பூவிழி நினைத்தாள். அவரோ வேட்புமனுவைத் தொடைமேல் வைத்து, தான் போட்ட கையெழுத்தின் மேலேயே நாலு கோடு அழுத்தி இழுத்தார். தாள் கிழிந்துவிட்டது.

"என்ன பெரியப்பா பண்றீங்க!"

"நான் போட்டத நானே அடிச்சிட்டேன். என்னை விட்டுரும்மா."

மனுத் தாக்கலுக்கு அன்றுதான் கடைசி நாள். மணி காலை எட்டு. மத்தியானம் மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். பெரிய கட்சிக்காரர்களுக்கு முன்மொழிய ஒரே ஒரு ஆள் போதும். பூவிழி மாதிரி சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். வீடு வீடாக ஏறி இறங்கி, வாக்காளர் பட்டியலில் பாக எண், வரிசை எண் பார்த்து, அவள் பத்துக் கையெழுத்து வாங்க நாலு நாள் ஆகியிருந்தது. அடித்தல் திருத்தல் உள்ள மனுவைத் தள்ளிவிடுவார்கள் என்று விசாரித்து வைத்திருந்தாள். ஒரு கையெழுத்துப் போனதால் பத்தும் போயிற்று.

"யாரு சொன்னா? பஞ்சநதமா?"

"நேத்து சாயங்காலம் கூப்புட்டு விட்டாரு. அவரு நெலந்தான் அஞ்சு மா குத்தகைக்கு ஓட்டுறேன், பூவிழி. அத விட்டா எனக்கு என்ன இருக்கு?"

"எங்கம்மாவைத் தூக்கிட்டுப் போனப்ப முன்னால தோள் குடுத்தது நீங்கதானே? வாய்க்கால் தண்ணி குடிச்சு இருமினது மறந்துபோச்சா?"

மருதையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. அவர் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

பூவிழிக்கு இருபத்தெட்டு வயது. திருவாரூரில் ஒரு தனியார் லேப்பில் ரத்தம் எடுக்கும் வேலை. சட்டமன்றத் தேர்தலில் நிற்போம் என்று போன கார்த்திகை வரை அவளே நினைத்ததில்லை. அந்தக் கார்த்திகை மழையில்தான் அம்மா இறந்தாள். அவர்கள் தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை கிடையாது. பஞ்சநதத்தின் வயல் வரப்பில்தான் போக வேண்டும். அவர் குடையோடு வரப்பில் வந்து நின்று, "பயிர் தூர் கட்டுற நேரம். அம்பது பேர் மிதிச்சா என்னத்துக்கு ஆகும்? வாய்க்கால் வழியா போங்க" என்றார். வாய்க்காலில் மார்பளவு தண்ணீர். பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நடுவில் ஒருவர் கால் வழுக்க, பாடை சாய்ந்து, அம்மாவின் ஒரு கை தண்ணீரில் தொங்கியது. அந்தக் கையை எடுத்து மேலே வைத்தது பூவிழிதான். அன்று உள்ளே ஏறிய கோபம் இறங்கவே இல்லை. இந்தத் தேர்தலில் பஞ்சநதத்தின் மைத்துனரே பெரிய கட்சி ஒன்றின் வேட்பாளர் என்று தெரிந்ததும், அவள் நேரே போய் மனுப் படிவம் வாங்கி வந்தாள்.

கிழிந்த தாளை மருதையன் காலடியிலேயே போட்டுவிட்டு, கைவசம் இருந்த இன்னொரு படிவத்தோடு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

பங்குனி வெயில். சம்பா அறுத்த வயல்களில் உளுந்து பறிப்பு நடந்துகொண்டிருந்தது. முன்பு கையெழுத்துப் போட்டவர்களில் பலர் அங்கேதான் இருந்தார்கள். செடிகளுக்கு நடுவே டிபன் பாக்ஸ் மூடியை அடியில் கொடுத்து ஒவ்வொருவரிடமும் மறுபடி வாங்கினாள். முன்பு கையெழுத்துப் போட்டிருந்த ராம்கி மட்டும் அவளைக் கண்டதும் அறுவடை மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அவன் ஓட்டுகிற மெஷின் பஞ்சநதத்தினுடையது. அவனிடம் கேட்கவும் பிடிக்காமல் திரும்பினாள். எட்டுப் பேர் தேறினார்கள். மணி பன்னிரண்டரை.

முக்கூட்டில் தையல் கடை வைத்திருக்கும் கமருன்னிஸா, விஷயத்தைப் பாதி கேட்கும்போதே கையை நீட்டினாள். "குடும்மா. எங்க கபர்ஸ்தானுக்கு ரோடு போட நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்." ஒன்பது.

பத்தாவதுக்கு ஆள் இல்லை. நாலு வீட்டில் கதவே திறக்கவில்லை. ஐந்தாவது வீட்டில், "எங்களை ஏம்மா வம்புல இழுக்குற?" என்றார்கள். ஒன்றே முக்காலுக்கு ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, என்ன செய்வதென்று தெரியாமல் ஹாண்டில்பாரைக் குத்தினாள். அப்போது வயலிலிருந்து ஒருத்தி விறுவிறுவென்று வந்தாள். மருதையனின் மனைவி ரெங்கம்மாள். முந்தானையில் உளுந்துச் செத்தை ஒட்டியிருந்தது.

"அந்த மனுசன் அடிச்சிட்டாராமே?"

"ஆமா பெரியம்மா."

"நான் வைக்கிறேன். கைநாட்டு செல்லுமா?"

பூவிழி அவளையே பார்த்தாள். "செல்லும். ஆனா ஆபீசர் முன்னாடி வச்சாத்தான் செல்லும். அப்புறம் குத்தகை?"

"பாடைக்குப் பின்னால நானுந்தாண்டி வந்தேன். வண்டிய எடு."

அலுவலகத்துக்கு நூறு மீட்டர் முன்னாலேயே தடுப்பு. இருவரும் இறங்கி ஓடினார்கள். உள்ளே நுழையும்போது மணி இரண்டு நாற்பது. மேஜைக்குப் பின்னாலிருந்த எழுத்தர் தாளைப் புரட்டிவிட்டு, "ஒன்பதுதான் இருக்கு" என்றார்.

"பத்தாவது ஆள் இவங்க. ரேகை வைப்பாங்க."

"ரேகையெல்லாம் வேணாம்மா. கையெழுத்துத் தெரிஞ்ச ஆளாப் பார்த்துக் கூட்டிட்டு வா. போ."

"வேணாம்னு எந்த ரூல்ல இருக்கு சார்? எழுதிக் குடுங்க."

"ஏய், மெதுவாப் பேசு. இது ஆபீஸு."

"ஓட்டுப் போடறப்ப இந்த விரல்ல மை வைக்கிறீங்கள்ல? அப்ப இனிக்குது. பேர் சொல்ல வந்தா வேணாமா?" அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது. "அதிகாரி முன்னாடி வச்சா செல்லும்னு நீங்க குடுத்த புஸ்தகத்துலயே இருக்கு. படிச்சுக் காட்டவா?"

உள்ளறையிலிருந்து தேர்தல் அதிகாரி எழுந்து வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. தாளை வாங்கிப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், எழுத்தரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"ஸ்டாம்ப் பேடை எடுங்க" என்றார்.

ரெங்கம்மாள் விரலை முந்தானையில் நன்றாகத் துடைத்துவிட்டு மையில் அழுத்தினாள். அதிகாரி பக்கத்தில் சான்றொப்பம் போட்டார். மணி இரண்டு ஐம்பத்திரண்டு.

மறுநாள் பரிசீலனை. பஞ்சநதத்தின் மைத்துனர் தரப்பு வக்கீல் பத்தாவது பெயரைத்தான் பிடித்தார். ரெங்கம்மாளும் அங்கே இருந்தாள். ஏமாற்றி ரேகை வாங்கிவிட்டார்கள் என்றார் வக்கீல். "இதுல என்ன எழுதியிருக்குன்னு இந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா, கேளுங்க."

ஐம்பது வருஷம் வயலில் நின்ற ஒருத்தியைப் பால் குடிக்கிற பிள்ளை மாதிரி பேசுகிறானே! பூவிழி எழுவதற்குள் ரெங்கம்மாள் எழுந்துவிட்டாள்.

"படிக்கத் தெரியாதுங்க. யாருக்கு வச்சேன், எதுக்கு வச்சேன்னு தெரியும். செத்தா நாங்க போற வழிக்கு வச்சேன். எடுத்துரச் சொல்லி எம் புருசனே சொன்னாரு. மாட்டேன்னுட்டேன். போதுமாய்யா?"

மனு ஏற்கப்பட்டது.

அந்த வாரமே பஞ்சநதம் குத்தகையைப் பிடுங்கிக்கொண்டார். மருதையன் இரண்டு பேரோடும் பேச்சை நிறுத்தினார். உளுந்து பறிக்க ரெங்கம்மாளை யாரும் கூப்பிடவில்லை. "நல்லதாப் போச்சு" என்று அவள் பூவிழியோடு தெருத் தெருவாக ஓட்டுக் கேட்க வந்தாள்.

பூவிழி ஜெயிக்கவில்லை. ஆயிரத்து இருநூறு சொச்சம் வாக்குகள் வாங்கினாள். பஞ்சநதத்தின் மைத்துனர் தொள்ளாயிரம் வாக்கில் தோற்றார். கணக்குப் போட ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆனி மாதத்தில், சுடுகாட்டுப் பாதைக்கு அளக்கும் உத்தரவோடு தாலுகா சர்வேயர் இரண்டு ஆட்களோடு வந்து இறங்கினார். வரப்போரம் நாடாவை விரித்துக்கொண்டே, "பாதை வேணும்னா முன்னாடியே ஒரு மனு எழுதிப் போட்டிருக்கலாமேம்மா" என்று சாதாரணமாகச் சொன்னார்.

பன்னிரண்டு வருஷமாக அந்தத் தெரு மனு எழுதியிருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் முத்திரையோடு ரசீதுகள் ஒரு கட்டு பீரோவில் இருக்கின்றன. பூவிழிக்கு வந்த கோபத்தில் நாடாவைப் பிடுங்கி அவர் முகத்தில் எறிய வேண்டும் போலிருந்தது.

ரெங்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல அளங்க சார்" என்றாள். "கல்லு நட்டப்பறம் பேசுவோம்."