பட்டியலில் குலசேகரம்

1995 ஆகஸ்ட். யப்பான் சரணடைந்து ஐம்பது ஆண்டு. ரெய்னர்ஸ் லேன் தமிழ்ச் சங்கத்தின் நினைவுநாளுக்காகப் பத்மநாதன் ஆறடிப் பலகை ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார். மேலே, போரைத் திருப்பிய சண்டைகள்: மிட்வே, ஸ்டாலின்கிராட், எல் அலமெய்ன், இம்பால். கீழே, அந்தப் போரில் இறந்த சங்கத்தவரின் உறவினர் பன்னிரண்டு பேர்.

அவருடைய தங்கை கலாவதியின் கணவர் அம்பலவாணன் பதின்மூன்றாவது பெயரோடு வந்து நின்றார். குலசேகரம், அவருடைய தம்பி. மலாயாவில் இருந்த அண்ணனும் தம்பியும் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து, யப்பானியரோடு இம்பால்வரை நடந்தவர்கள். திரும்பி வந்தவர் அண்ணன் மட்டும்.

"எதிரியின்ரை ஆளுக்கு இதிலை இடமில்லை, அத்தான்."

"ஆருக்கு எதிரி? வெள்ளைக்காரன்ரை சாக்கைத் தூக்கின உனக்குத்தான் எதிரி."

சாக்கு விஷயம் உண்மை. பத்மநாதன் 1944இல் அசாமில் ஒரு விமானத்தளத்தில் சப்ளைக் கிளார்க். இம்பால் சண்டையை விளங்கிக்கொள்ள அந்தச் சாக்கே போதும். பரசூட் தட்டுப்பாடு என்பதால் முற்றுகைக்குள் இருந்த வெள்ளைக்காரரின் படைக்கு அரிசியை வானிலிருந்து அப்படியே போட்டார்கள். ஒற்றைச் சாக்கு தரையில் மோதினால் வெடித்துச் சிதறும். ஆகவே அரிசிச் சாக்கை அதைவிடப் பெரிய சாக்கு ஒன்றுக்குள் தளர்வாக வைத்துத் தைத்தார்கள். உள்ளே இருப்பது கிழியும். வெளியே இருப்பது அரிசியைப் பிடித்துக்கொள்ளும். விமானம் இறங்க முடியாத இடங்களில் இருந்த முன்னணிப் படைகள் இதில் சாப்பிட்டன. ஸ்டாலின்கிராட்டில் முற்றுகைக்குள் இருந்த ஜேர்மனியருக்கு விமானம் போதாமல் பட்டினி. இம்பாலில் தலைகீழ்: முற்றுகையிட்டவனுக்குப் பட்டினி. மூன்று வாரச் சாப்பாட்டோடு வந்த யப்பானியர், மிச்சத்துக்கு இம்பால் களஞ்சியத்தைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். களஞ்சியம் விழவில்லை. மழைதான் விழுந்தது.

அம்பலவாணன் சட்டைப்பையிலிருந்து சங்கத்தின் நோட்டீசை எடுத்தார். "'போரில் இறந்த உறவினர்' எண்டுதான் கிடக்கு. எந்தப் பக்கம் எண்டு எங்கை எழுதினனீ?"

எழுதியவர் பத்மநாதன்தான். வேறு வழி தேடினார். "எப்ப செத்தவன்?"

"யூலையிலை. பின்வாங்கி வரேக்கை. வயித்தோட்டம்."

"யூன் இருபத்திரண்டிலையே இம்பால் ரோட்டுத் திறந்தாச்சு. சண்டை முடிஞ்சு, வயித்தாலை போய்ச் செத்தவன் போரிலை செத்தவனோ?"

"பசியாலைதானேயடா எங்களை அடிச்சனீங்கள்? புல்லைத் திண்டு வந்த வயித்தோட்டம் அது." அம்பலவாணனின் குரல் இறங்கியது. "மரத்தோடை சாய்ச்சு வைச்சிட்டு நான்தான் நடந்தனான். ஒரு குழிகூட வெட்ட ஏலேல்லை. அவன்ரை பேர் எழுத வேறை இடமில்லை, பத்மநாதன்."

"குண்டுபட்டவன், சூடுபட்டவன் மட்டும். நோய் வருத்தத்திலை செத்தவனுக்கு இடமில்லை. விதி விதிதான்."

"அப்பிடியோ?" அம்பலவாணன் நான்காவது பெயரில் விரலை வைத்தார். "அப்ப இவருக்கு என்ன குண்டு பட்டது?"

பாலசுப்பிரமணியன். பத்மநாதனுக்கும் கலாவதிக்கும் மூத்த அண்ணன். அதே விமானத்தளத்தில் மலேரியா கண்டு இறந்தவர்.

மேசையின் மறுபக்கம் பலகையின் தலைப்புக்கான எழுத்துகளை வெட்டிக்கொண்டிருந்த கலாவதி நிமிர்ந்தார். "பெரியண்ணையை விடுங்கோ."

"ஏன் விட? நுளம்பு குத்தினால் வீரன், வயித்தோட்டமெண்டால் துரோகியோ?"

பத்மநாதன் வெள்ளை மைப் போத்தலைத் திறந்து, நான்காவது பெயரின்மேல் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நிதானமாகப் பூசினார்.

"சரி. ரெண்டு பேரும் இல்லை. திருப்தியோ?"

"நான் அழிக்கச் சொல்லேல்லை!"

"உங்கடை தம்பி இதிலை ஏறுறதைவிட இது நல்லது."

கலாவதி எழுந்தார். "சின்னண்ணை, பெரியண்ணை செத்த தந்தியை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினது நான். உங்களுக்கு அதெல்லாம் மை பூசி அழிக்கிற விஷயம்." பிறகு கணவரிடம் திரும்பினார். "உங்களுக்கும் குத்திக் காட்ட வேறை பேர் கிடைக்கேல்லை."

பஸ்ஸுக்குத் தனியாகப் போனார்.

பதினைந்தாம் திகதி பத்மநாதன் மைக்கில் பதினொரு பெயர்களை வாசித்தார். மூன்றாவதற்கும் ஐந்தாவதற்கும் இடையில் மூச்சுவிடக்கூட நிற்கவில்லை. முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு அம்பலவாணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கதிரை கூட்டம் முடியும்வரை காலியாகவே கிடந்தது.