சால மரக் காட்டில் இடது பாதை

செய்யாத தப்புக்கு எட்டு வருஷம் பழி சுமந்து பாருங்கள், அப்போது தெரியும் சரோஜாவின் வயிற்றெரிச்சல். கல்கத்தாவில் டாலிகஞ்ச் மெட்ரோவுக்குப் பக்கத்தில் அப்பளமும் காப்பித்தூளும் விற்கிற கடை அவளுக்கும் அவள் புருஷன் சுந்தரத்துக்கும் சொந்தம். இரண்டாயிரத்து ஆறாம் வருஷத்துக் குளிரில் கடையைக் கைமாற்றிவிட்டு மதுரைக்கே போய்விடுவதென்று முடிவாகியிருந்தது. பாத்திரம் பண்டமெல்லாம் மூட்டை கட்டியாயிற்று. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பெஹாலாவில் இருக்கிற வசந்தி வாயைத் திறந்து, “நீ சொன்னது நிஜம்தான்டி” என்று ஒரு தடவை சொல்லவேண்டும். அதைக் கேட்காமல் ரயிலேறினால் மதுரையில் சோறு இறங்காது என்றிருந்தது சரோஜாவுக்கு.

வசந்தி டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்தவள். தொண்ணூற்று மூன்றில் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் பந்தியில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலை. பேச்சுவாக்கில், பர்த்வான் தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் நின்றபோது சால மரக் காட்டுக்குள் செக்கச்செவேலென்று ஒரு சரளைப் பாதை போவதைப் பார்த்ததாக வசந்தி சொன்னாள். “அதுல சைக்கிள் விட்டா எப்படி இருக்கும்!” என்றாள். “கேட்டுக்கிட்டு இருந்தா ஆச்சா, போயிருவோம்” என்றாள் சரோஜா. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டார்கள்.

இரண்டும் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள். விடிவதற்குள் பாபுகாட்டில் படகேறி ஹவுராவுக்குப் போய், லோக்கல் ரயிலில் வியாபாரிகள் பெட்டியில் சைக்கிளை ஏற்றவேண்டும். ஊருக்குள் பால் பன்னீர்க் கட்டிகளை இறக்கிவிட்டுக் காலிக் கூடைகளோடு திரும்புகிறவர்கள் அந்தப் பெட்டியில் ஏகப்பட்ட பேர். திரிந்த பால் நாற்றம் சல்வாரில் ஏறி, வீட்டுக்குத் திரும்பும் வரைக்கும் போகாது. “ரெண்டு மதறாஸி தீதியும் இந்த வாரமும் வந்தாச்சு!” என்று கூடைக்காரர்கள் அக்கா முறை வைத்துக் கேலி செய்து இடம் விடுவார்கள். சுந்தரம் வேறு, “நாப்பது வயசுல சைக்கிள் ரேஸா? நல்லா இருக்கு போ” என்று முனகுவார். யார் காதில் விழுந்தது அதெல்லாம்?

அந்தக் காட்டுப் பாதையை என்ன சொல்ல! சரளை டயருக்கடியில் நறநறவென்று பேசிக்கொண்டே வரும். இரண்டு பக்கமும் சால மரங்கள், கீழே காய்ந்த இலை மெத்தை. பனி விலகாத காலையில் மூக்கு நுனி சில்லென்று இருக்க, முதுகில் மட்டும் வேர்க்கும். காட்டின் மறு கரையில் ஒரு கிராமம் வரும். அங்கே பொரியும் புது ஈச்ச வெல்லமும் வாங்கித் தின்றுவிட்டு, அதற்கப்புறம் உள்ள ஸ்டேஷனில் ரயிலேறுவார்கள். கல்கத்தாவில் முப்பது வருஷம் இருந்தாள் சரோஜா. எங்கே சந்தோஷமாக இருந்தாய் என்று யாராவது கேட்டால், அந்தப் பாதையைத்தான் சொல்லுவாள்.

ஒரே ஒரு தொல்லை. சரோஜாவுக்கு மெதுவாக ஓட்ட வராது. வசந்திக்கு வேகமாக ஓட்ட வராது. புற்றைக் கண்டால் நிற்பாள், மைனாவைக் கண்டால் நிற்பாள். காத்திருந்து காத்திருந்து சரோஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. “நான் முன்னால போறேன், குறி வெச்சுட்டுப் போறேன், நீ உன் இஷ்டத்துக்கு மெதுவா வா” என்று ஏற்பாடு செய்தாள். காட்டில் பாதை பிரிகிற இடங்களிலெல்லாம் வனத்துறைக்காரர்கள் வெள்ளையடித்த எல்லைக்கல் நட்டிருந்தார்கள். போகவேண்டிய பாதையின் கல்லில் ஒரு பொட்டு. பொட்டே இல்லாவிட்டால் நேராகப் போ என்று அர்த்தம். முதலில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினாள். பனியில் உதிர்ந்துவிட்டது. அப்புறம் தேங்காய் எண்ணெயில் குங்குமத்தைக் குழைத்து டப்பாவில் கொண்டுபோய், கட்டை விரலால் பெரிதாக ஒன்று வைத்தாள். அது வாரக்கணக்கில் அழியவில்லை.

தொண்ணூற்றெட்டு ஜனவரியில்தான் அந்த விபரீதம். சரோஜா கிராமத்துக்கு வந்து, பொரி தின்று, ஸ்டேஷனுக்கும் போய்விட்டாள். வசந்தி வரவில்லை. ஒரு ரயில் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. வெயில் சாய்ந்தது. கடைசியில் நன்றாக இருட்டிய பிறகு, ஒரு மாட்டு வண்டிக்காரன் வசந்தியையும் அவள் சைக்கிளையும் கொண்டுவந்து இறக்கினான். முழங்காலில் ரத்தம், துப்பட்டா பாதிக்குக் கிழிசல்.

“இடது பக்கத்துக் கல்லுல பொட்டு வெச்சிருந்தியேடி! புது வழி காட்டறியாக்கும்னு அதுல போய்த்தான் வழி தெரியாமக் கெட்டேன்” என்றாள் வசந்தி.

“நான் எங்கே வெச்சேன்? அங்கே நேராத்தானே போகணும்!”

“என் கண்ணால பார்த்தேன். அவசரத்துல வெச்சுத் தொலைச்சுட்டு இப்போ இல்லேங்கிறியே.”

“அப்போ நான் பொய் சொல்றேனா?”

ஹவுரா வரைக்கும் இதே பேச்சு. சத்தியம், சாமி, பெற்ற பிள்ளை எல்லாம் வந்தது. படகில் ஏறும்போது வசந்தி, “போதும், இனிமே எனக்கு நீயும் வேண்டாம், உன் காடும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். அதோடு சரி. தமிழ்ச் சங்கத்தில் எதிர்ப்பட்டால் இருவர் முகமும் இரண்டு பக்கம் திரும்பும்.

ஊரை விட்டுப் போவதற்கு முன்னால் பாதையை ஒரு தடவை பார்க்காமல் போக மனசு வரவில்லை சரோஜாவுக்கு. தனியாகவே போனாள். மூச்சு வாங்கியது, இறங்கி இறங்கித் தள்ளினாள். அந்தப் பிரிவுக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். இடது பாதையின் எல்லைக்கல் இப்போது தேவியாகியிருந்தது! தகரக் கூரை, சிவப்புத் துணி, காலடியில் வரிசையாகச் சுட்டமண் குதிரைகள், கல் முழுக்கக் குங்குமப் பூச்சு. பக்கத்தில் ஒருத்தி பூவும் பொரியும் விற்றுக்கொண்டிருந்தாள். இது எப்போது வந்தது என்று பெங்காலியில் கேட்டாள் சரோஜா.

“எங்க தேவி தானா வந்தவ தீதி. காட்டுக் கல்லுல ஒவ்வொண்ணா சிந்தூரம் தெரிய ஆரம்பிச்சுது. யாரும் வெச்சதைப் பார்த்ததில்ல. என் மாமியாருக்குக் கனவுல தேவி வந்து சொன்னா, இந்தக் கல்லுல மாமியாரே முதல் சிந்தூரம் வெச்சா. என் மூத்தவன் பொறந்த பௌஷ மாசம் அது. இப்போ அவனுக்கு எட்டு வயசு.”

பௌஷம் என்றால் நம் மார்கழி, எட்டு வருஷத்துக்கு முந்தைய அதே குளிர். சரோஜாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தான் வைத்த பொட்டுகளைப் பார்த்து அவர்கள் தேவியைக் கொண்டுவந்தார்கள், அவர்கள் வைத்த பொட்டைப் பார்த்து வசந்தி வழி தவறினாள். அந்தப் பெண்ணிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது? விழுந்து கும்பிட்டாள். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

மறுநாளே ஆட்டோ பிடித்து பெஹாலா போனாள். கதவைத் திறந்த வசந்திக்கு முடி நன்றாக நரைத்திருந்தது. “வா” என்றாள், அவ்வளவுதான். சரோஜா உட்காரக்கூட இல்லை. கல், கனவு, மாமியார், பௌஷ மாசம் எல்லாவற்றையும் நின்றபடியே மூச்சுவிடாமல் கொட்டினாள்.

“இப்பவாச்சும் ஒத்துக்கோ. நான் வைக்கலை. நான் அன்னிக்குச் சொன்னது நிஜம்.”

“நிஜம்தான்” என்றாள் வசந்தி. “நீ வெச்சிருக்கமாட்டேன்னு அந்த வாரமே எனக்குத் தோணிப்போச்சு.”

சரோஜா இன்னும் கிட்டே வந்தாள். “தோணிச்சா? அப்புறம் ஏன்டி எட்டு வருஷமாப் பேசலை? என்னைப் பொய்க்காரியாவே விட்டுட்டியே பாவி!”

வசந்தி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

“பொட்டை விடுடி. இருட்டுல ஒரு பொம்பளை தனியாக் காட்டுக்குள்ள நின்னேன். நரி ஊளையிடுது. சைக்கிளைப் போட்டுட்டு ஓடினேன், விழுந்தேன், திரும்பத் தடவித் தடவிச் சைக்கிளைத் தேடினேன். வண்டிக்காரன் வெளிச்சத்தைப் பார்த்தப்போ அவன் நல்லவனா கெட்டவனான்னுகூடத் தெரியாது. வந்து இறங்கினதும் நீ என் கையைப் பிடிப்பேன்னு நினைச்சேன். ஹவுரா வரைக்கும் நீ வெச்சியா வைக்கலையான்னே பேசினே. நானும் கோவத்துல கத்தினேன், இல்லைங்கலை. ஆனா என்னடி ஆச்சு உனக்குன்னு ஒரு வார்த்தை நீ கேக்கலை. இப்பவும் எட்டு வருஷம் கழிச்சு வந்து, அதே பொட்டைத்தான் பேசறே.”

சரோஜா எட்டு வருஷமாக அந்த நாளைத் தினமும் நினைத்திருக்கிறாள். ஒரு தடவைகூட வசந்தி நின்ற இடத்தில் போய் நின்று பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. நாற்காலியை இழுத்து வசந்திக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் கை இரண்டையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“ரொம்பப் பயந்துட்டியாடி?” என்று கேட்டாள்.

“செத்தே போயிட்டேன்னு நினைச்சேன் சரோ” என்று வசந்தி உடைந்து அழத் தொடங்கினாள்.